பளபளக்கும் படமும் கறுத்த முகமும்

ஒரு புகைப்படம் நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பெரும்பாலோர் இதற்கு இரண்டே அளவுகோல்கள் வைத்திருக்கிறோம். ஒன்று, படம் பளபளவென்று இருக்க வேண்டும். மற்றொன்று, முகம் பளிச்சென்று வெளுப்பாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்துவிட்டால் காசைக் கொடுத்துப் படத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். படத்தில் இருப்பது நம் முகம்தானா என்ற கேள்வி எழுவதே இல்லை.

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் போன்ற ஊரில் புகைப்படம் என்பது பொழுதுபோக்கு அன்று. தேர்வு விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும். வங்கிக் கணக்குக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் படம் வேண்டும். பெண் பார்க்க வருமுன்பே படம் போகிறது. மனிதர் மறைந்த பின்னும் மாலையுடன் சுவரில் எஞ்சுவது படமே. கோயிலுக்கு வருவோர் சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் படமாகத்தான். இத்தனை பொறுப்புகளைச் சுமக்கும் ஒரு பொருளை அறிவியல் நோக்கில் மதிப்பிட்டுப் பார்ப்பது நம் கடமை.

இக்கட்டுரை மதிப்பிட எடுத்துக்கொள்வது, இன்று சிற்றூர் ஸ்டூடியோக்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இங்க்ஜெட் பிரிண்டரில் பளபளப்புத் தாளிலோ பிலிமிலோ போட்டுத் தரப்படும் படத்தை. நாம் கேட்கும் கேள்விகள் இரண்டு. படம் உண்மையாக இருக்கிறதா? படம் நிலைத்து நிற்குமா?

வெள்ளியிலிருந்து மைக்கு

பழைய புகைப்படம் வெள்ளியின் வேதியியலால் ஆனது. ஜெலட்டின் படலத்தில் பொதிந்த வெள்ளி உப்புகள் ஒளி பட்டு மாறுதல் அடைந்து, இருட்டறையில் உருத்துலக்கியில் நனைந்து, கறுப்பு வெள்ளியாகப் படிந்தன. இந்தத் தொழில்நுட்பத்துக்கு நம் மாநிலத்திலேயே ஒரு பெரிய ஆலை இருந்தது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்னும் பெயரில் பிலிம்களை விற்றது. டிஜிட்டல் காலத்தில் அது நலிந்து நின்றுபோயிற்று.

மை தெளித்துப் படம் போடும் முறை வேறு வழியில் வந்தது. 1977இல் ஜப்பானின் கேனன் ஆய்வுக்கூடத்தில், மை நிரம்பிய ஊசி ஒன்றின்மீது சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட்டது. ஊசிமுனையிலிருந்து மை தெறித்தது. இச்சிரோ எண்டோ என்னும் ஆய்வாளர் அதைக் கவனித்தார். மையை நொடிப்பொழுது கொதிக்க வைத்தால் எழும் ஆவிக்குமிழ் துளியை வெளியே தள்ளும் என்ற கருத்து பிறந்தது. ஹியூலட் பக்கார்ட் நிறுவனமும் தனியாக இதே வழியைக் கண்டு, 1984இல் தன் முதல் இங்க்ஜெட் பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எப்சன் நிறுவனம் வேறொரு முறையைக் கையாண்டது. மின்னழுத்தம் தந்தால் வடிவம் மாறும் சில படிகப்பொருள்கள் உண்டு. அவற்றைக் கொண்டு மையறையை அமுக்கித் துளியைத் தள்ளுவது அம்முறை. 1993 முதல் அது பிரிண்டர்களில் பரவியது. மை ஊற்றும் தொட்டிகளுடன், ஆறு நிற மைகளோடு, இன்று பல ஸ்டூடியோக்களில் இருக்கும் புகைப்படப் பிரிண்டர்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவையே.

துளி எவ்வளவு சிறியது? இத்தகைய பிரிண்டர்களில் மிகச் சிறிய துளி ஏறத்தாழ 1.5 பிக்கோலிட்டர். ஒரு லிட்டரை ஒரு லட்சம் கோடிப் பங்காக்கி, அதில் ஒன்றரைப் பங்கு எடுத்தது போன்றது இது. உருண்டையின் கன அளவுச் சூத்திரத்தை உங்கள் கணக்கு நோட்டில் போட்டுப் பாருங்கள். துளியின் விட்டம் சுமார் 14 மைக்ரான் வரும். நம் தலைமுடியின் பருமனில் அது ஒரு சிறு பங்கே.

இவ்வளவு நுட்பமான எந்திரம் மோசமான படம் தருகிறது என்றால் குறை எங்கே இருக்கிறது? எந்திரத்தைக் காட்டிலும் அதற்கு இடும் கட்டளையில்தான் பெரும்பாலும் குறை இருக்கிறது.

நெசவாளர் அறிந்த உண்மை

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். இங்குள்ள நெசவாளரிடம் ஒன்றைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். பருத்தி நூலுக்கு ஏற்றும் சாயத்தைப் பாலியஸ்டர் நூலில் அப்படியே ஏற்ற முடியாது. நூல் மாறினால் சாயம் மாற வேண்டும், பக்குவம் மாற வேண்டும்.

படத்துக்கும் இதே நியாயம்தான். வெறும் தாள் என்பது தாவர நாரின் பின்னல். மைத்துளி விழுந்ததும் நார்களின் வழியே ஊறிப் பரவும். பளபளப்புப் பிலிமின் அடித்தளமோ பாலியஸ்டர். நூலாக நூற்கப்படும் அதே பொருள்தான் இங்குத் தகடாக இருக்கிறது. அது மையை உறிஞ்சவே உறிஞ்சாது. எனவே அதன்மேல் மையை ஏற்றுக்கொள்ளும் மெல்லிய பூச்சு ஒன்று பூசப்படுகிறது. துளிக்கு இடம் தருவது அந்தப் பூச்சு மட்டுமே. போட்டோ பேப்பர் என்று விற்கப்படும் நல்ல தாள்களிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. தாளின் இருபுறமும் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, அதன்மேல் பூச்சு வைத்திருப்பார்கள்.

பூச்சிலும் இரண்டு குலங்கள் உண்டு. ஒன்று ஜெலட்டினைப் போன்ற பொருளால் ஆனது. மையைக் குடித்து உப்பி, சாயத்தைத் தன்னுள் பொதிந்துகொள்ளும். மெதுவாகக் காயும், ஈரத்துக்கு அஞ்சும். மற்றொன்று சிலிக்கா அல்லது அலுமினாவின் மிக நுண்ணிய துகள்களால் ஆனது. துகள்களுக்கு இடையே உள்ள துளைகளில் மை நொடியில் இறங்கிவிடும். தொட்டால் ஒட்டாது. ஆனால் துளைகள் திறந்தே இருப்பதால் காற்றும் சாயத்தைத் தீண்டும். கடைகளில் ‘உடனே காயும்’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இரண்டாம் குலத்தவை. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

ஒரு சாளரமும் ஐந்து கட்டளைகளும்

படத்தை அச்சிடுமுன் கணினித் திரையில் ஒரு சிறு சாளரம் திறக்கிறது. அதில் உள்ள சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. கடையில் வேலை செய்யும் இளைஞர், முதல் நாள் யாரோ வைத்துவிட்டுப் போன அமைப்பிலேயே ‘ஓகே’ அழுத்திவிடுகிறார். இலக்கியத் திறனாய்வாளர் ஒரு நூலின் வரிகளை ஆராய்வதுபோல் இச்சாளரத்தின் வரிகளை நாம் ஆராய வேண்டியிருக்கிறது.

முதல் வரி ‘பேப்பர் டைப்’. இது வெறும் பெயர்ப்பட்டியல் அன்று. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு சமையல் குறிப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு சதுர அங்குலத்தில் அதிகபட்சம் எவ்வளவு மை விடலாம், துளி எந்த அளவில் இருக்க வேண்டும், தலை எத்தனை முறை ஓட வேண்டும், எந்த நிறத்துக்கு எந்த மைகளை எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பனவெல்லாம் அந்தப் பெயரோடு பிணைந்தவை. பிலிமை வைத்துவிட்டு ‘பிளெயின் பேப்பர்’ என்று சொல்வது, தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு இட்லிக்கு உரிய நேரம் வேகவைப்பது போன்றது. சில பிரிண்டர்களில் கறுப்பு மை மட்டும் கரையாத நிறமித் துகள்களால் ஆனது. வெறும் தாள் என்று சொன்னால் எந்திரம் அதைத் தாராளமாகப் பயன்படுத்தும். பளபளப்புப் பூச்சுக்குள் அத்துகள்கள் இறங்காமல் மேலே நிற்கும். விரல் பட்டால் கறுப்பு இழுபடும். பட்டியலில் பிலிமுக்கென்று தனிப் பெயர் இருந்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையெனில் தாள் உறையின்மேல் எழுதியுள்ள பரிந்துரையைப் பின்பற்ற வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இரண்டு மூன்று வகைகளில் சிறு துண்டில் போட்டுப் பார்ப்பதே நேர்மையான வழி.

இரண்டாவது வரி, தரம் பற்றியது. 5760 × 1440 என்ற எண் விளம்பரங்களில் பெரிதாக மின்னும். அது ஓர் அங்குலத்தில் துளி விழக்கூடிய இடங்களின் எண்ணிக்கையே அன்றி, படத்தில் உள்ள நுணுக்கத்தின் அளவு அன்று. 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்துப் பார்க்கும்போது நல்ல கண்ணால் ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 290 புள்ளிகளைத்தான் பிரித்தறிய முடியும். ஆகவே அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் என்ற மரபு ஏற்பட்டது. 6 × 4 அங்குலப் படத்துக்கு 1800 × 1200, அதாவது 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள் போதும். ஆனால் மறைந்த ஒருவரின் படத்தைக் கல்யாண வீட்டுக் கூட்டப் படத்திலிருந்து வெட்டி எடுத்து, வாட்ஸ்அப்பில் சுருக்கி அனுப்பி, பெரிதாக்கச் சொல்கிறோம். முகத்தின் அகலம் 300 புள்ளிகளே இருந்து, அதை 6 அங்குலமாக விரித்தால் அங்குலத்துக்கு 50 புள்ளிகள்தாம் கிடைக்கும். எந்தப் பிரிண்டரும் இல்லாத கண்ணிமையை உண்டாக்கித் தர முடியாது. உண்டாக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் இப்போது வந்துள்ளன. அவை தருவது நினைவை அன்று, ஊகத்தை.

மூன்றாவது வரி, ‘ஹை ஸ்பீடு’ அல்லது ‘பை-டைரக்ஷனல்’. அச்சுத்தலை போகும்போதும் வரும்போதும் மை தெளிக்க வேண்டும் என்பது இதன் பொருள். ஓடும் பேருந்திலிருந்து கைவிடப்பட்ட பொருள், பேருந்து ஓடும் திசையில் சற்றுத் தள்ளியே விழும் என்பது நாம் அறிந்ததே. துளிக்கும் அதே விதி. போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறு பக்கமும் தள்ளி விழும். எந்திரம் இதைக் கணக்கிட்டுச் சரிசெய்துகொள்ளும் என்றாலும், தலையின் ஒழுங்கமைவு சற்றுப் பிசகினால் கோடுகள் இரட்டிக்கும். வெறும் தாளில் மை ஊறிப் பரவுவதால் இக்குறை மறைந்துவிடும். பிலிமில் துளி விழுந்த இடத்திலேயே நிற்பதால் பளிச்சென்று தெரியும். கூட்டம் இல்லாத நேரத்திலாவது வேகத்தை நிறுத்தி வைக்கலாம்.

நான்காவது வரி ‘பார்டர்லெஸ்’. ஓரம் விடாமல் அச்சிட, எந்திரம் படத்தைச் சற்றே பெரிதாக்கி, தாளுக்கு வெளியே வழியும் பகுதியை விட்டுவிடுகிறது. இயற்கைக் காட்சிக்கு இதனால் நட்டமில்லை. ஆனால் 35 × 45 மில்லிமீட்டர் அளவில் எட்டுப் பாஸ்போர்ட் படங்களை ஒரு 6 × 4 தாளில் அடுக்கி இப்படி அச்சிட்டால், ஒவ்வொன்றும் குறித்த அளவைத் தாண்டிவிடும். அளவுகோலை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

ஐந்தாவது வரியே மிக முக்கியமானது. ‘ஆட்டோ கரெக்ட்’, ‘போட்டோ என்ஹான்ஸ்’, ‘விவிட்’ எனப் பல பெயர்களில் வரும் இந்தக் கட்டளை, படத்தை எந்திரமே தன் விருப்பப்படி திருத்தட்டும் என்கிறது. அந்த விருப்பம் யாருடையது?

இருளின் பக்கம் நிற்பவர்கள்

நம் கரிசல் பூமியில் வெயிலில் உழைப்போரின் முகம் கறுத்த முகம். இந்த முகத்தை அச்சிடுவதில் இயற்பியலே ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. படத்தின் வெளிர்ந்த பகுதிகளில் துளிகள் அரிதாக, தள்ளித் தள்ளி விழுகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே காய்ந்துவிடும். கறுத்த பகுதிகளிலோ பல நிற மைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி விழ வேண்டும். தாள் வகையைத் தவறாகச் சொல்லி மை அதிகமாகிவிட்டால், அங்கேதான் முதலில் ஒன்றோடொன்று சேர்ந்து குளம் கட்டும். கன்னத்தின் மேடும் பள்ளமும் ஒரே திட்டாகிவிடும். மை குறைந்துவிட்டாலும் இழப்பு அங்கேதான். ஆழ்ந்த கறுப்பு கிடைக்காமல் முகம் சாம்பல் பூத்துவிடும். ஆக, அமைப்பில் நேரும் ஒரே தவறு சிவந்த முகத்தில் பெரும்பாலும் மறைந்துகொள்கிறது. கறுத்த முகத்தை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதில் ஒரு முரண் உண்டு. பளபளப்புப் பரப்பு உண்மையில் கறுப்புக்குக் கிடைத்த வரம். சொரசொரப்பான தாள் தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் கறுப்பும் வெளிறித் தோன்றும். வழவழப்பான பரப்பு ஒளியைக் கண்ணாடிபோல் ஒரே திசையில் அனுப்பிவிடுகிறது. வேறு கோணத்திலிருந்து பார்ப்பவருக்குக் கறுப்பு முழுக் கறுப்பாகவே தெரியும். நல்ல பளபளப்புத் தாளில் ஆழ்ந்த கறுப்பு, தன்மேல் படும் ஒளியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கையே திருப்பி அனுப்பும். வெறும் தாளில் அது ஐந்தாறு பங்கு. ஆகவே கறுப்புக்கும் பழுப்புக்கும் இடையே எத்தனையோ படிகளைக் காட்டும் வல்லமை பளபளப்புப் பிலிமுக்கு உண்டு. கறுத்த முகத்தின் நயங்களைக் காட்ட இதைவிடப் பொருத்தமான பரப்பு இல்லை. இதை வாங்கி வைத்துக்கொண்டு, தானியங்கித் திருத்தத்தால் முகத்தை வெளுக்கச் செய்வது, நல்ல வீணையை வாங்கி வைத்து ஒரே கம்பியை மீட்டுவதற்கு ஒப்பாகும்.

இந்த மனச்சாய்வு பிரிண்டரோடு பிறந்ததன்று. அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, வண்ணப் படக் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் எந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். உலகெங்கும் கறுத்த மக்களின் முகங்கள் விவரமிழந்து போயின. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் இந்த வரலாற்றை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார். பிலிம் கறுப்பையும் பழுப்பையும் நன்கு காட்ட வேண்டும் என்ற வற்புறுத்தல் முதலில் பெருமளவில் வந்தது மனிதர்களிடமிருந்து அன்று. தங்கள் பொருள்களின் நிறபேதம் படத்தில் தெரியவில்லை என்று குறைகூறிய சாக்லேட், மரச்சாமான் உற்பத்தியாளர்களிடமிருந்து வந்தது என்ற செய்தி அதில் உண்டு. பல நிறத்துப் பெண்களை ஒன்றாக நிறுத்திய அட்டை 1990களில்தான் வந்தது.

நியாயத்தின் பொருட்டு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆறு மைப் பிரிண்டரில் கூடுதலாக வைத்த இரண்டு மைகளும் வெளிர்நீலம், வெளிர்சிவப்பு ஆகியவை. வெளிர்ந்த பகுதிகளில்தான் தனித்துளிகள் கண்ணுக்குப் புள்ளியாக உறுத்தும் என்பதால் அப்படி வைத்தார்கள். அது தக்க காரணமே. ஆனால் கறுத்த பகுதிகளைக் காக்கத் தனி மை இல்லை. சரியான தாள் வகையும், திருத்தத்தை நிறுத்திவைக்கும் ஒரு சொடுக்கும்தான் அவற்றுக்குக் காவல்.

வாடிக்கையாளரும் குற்றமற்றவர் அல்லர். "கொஞ்சம் வெளுப்பா போடுங்க" என்று கேட்பவர் அவரே. நம் கண்ணின் சுவையும் ஒரு வரலாற்றால் ஆனது. அருகே கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி நாட்காட்டிகளாக வீடுதோறும் சென்றன. அவற்றின் பளிச்சிடும் நிறங்களில் பழகிய கண்ணுக்கு ‘விவிட்’ என்னும் அமைப்பு இனிக்கிறது. தெய்வத்தை ஓவியர் தம் கற்பனைப்படி நிறம் தீட்டலாம். அது கலை. ஆனால் தேர்வறைக்குள் நுழையும் மாணவியின் படம் அவளைப் போலவே இருக்க வேண்டும். அங்கே வெளுப்பு என்பது அழகு அன்று, பிழையான தகவல்.

சங்கரநாராயணர் என்னும் சோதனைப் படம்

ஷெர்லிக்குப் பதிலாக நாம் எதை வைக்கலாம்? இவ்வூரிலேயே ஒன்று இருக்கிறது. சங்கரநாராயணர் வடிவத்தில் வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். ஓவிய மரபில் ஒரு பாதி வெண்ணீறு பூசி வெளிர்ந்திருக்கும். மறு பாதி கார்நிறமாக இருக்கும். ஆடித் தபசுக்கு மூலமான கதையும், இரண்டும் ஒன்றே என்பதைக் காண அம்மன் தவமிருந்ததைச் சொல்வது. சமயக் கருத்து எதுவாயினும், அச்சுக்கலைக்கு இது மிக நல்ல தேர்வுத்தாள்.

இத்தகைய படத்தை அச்சிட்டுப் பாருங்கள். சிவன் பாதியில் திருநீற்றின் கோடுகள் தாளின் வெண்மையில் கரைந்துவிட்டால் மை குறைவு, அல்லது திருத்தம் மிகுதி. திருமால் பாதியில் மார்பின் அணிகளும் கையின் மடிப்புகளும் ஒரே நீலத் திட்டாகிவிட்டால் மை மிகுதி, அல்லது தாள் வகை தவறு. இரண்டு பாதிகளும் ஒருசேரத் தெளிவாக வரும்போதுதான் அமைப்பு சரியானது. ஒரு பாதியைக் கெடுத்து மறுபாதியை அழகுபடுத்தும் பிரிண்டை நல்ல பிரிண்ட் என்று ஒப்புக்கொள்ளக் கூடாது.

எத்தனை நாள் நிற்கும்?

இனி இரண்டாவது கேள்வி. 2000ஆம் ஆண்டில் எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 என்னும் பிரிண்டர்கள் வந்தன. அவற்றின் படங்கள் பல ஆண்டுகள் மங்காது என்று சொல்லப்பட்டது. ஆனால் சிலருடைய வீடுகளில் பளபளப்புத் தாளில் போட்ட படங்கள் மிக விரைவில் ஆரஞ்சு நிறமாக மாறின. அதே பிரிண்டர், அதே தாள். வேறு சிலர் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. ஆராய்ந்தபோது, குற்றவாளி காற்றில் உள்ள ஓசோன் என்று தெரிந்தது. நுண்துளைப் பூச்சின் வழியே நுழைந்த ஓசோன், நீல மையின் சாயத்தை மட்டும் சிதைத்துவிட்டது. நீலம் போனால் எஞ்சுவது சிவப்பும் மஞ்சளும், அதாவது ஆரஞ்சு. ஒளியைக் கொண்டு செய்த சோதனைகள் காற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சோதனை எதை அளந்தது என்று கேளாமல் அதன் முடிவை நம்பக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

நம் வீடுகளில் மறைந்தவரின் படத்துக்கு என்ன செய்கிறோம்? இரவும் பகலும் எரியும் சிறு விளக்கை அதன் தலைமேல் வைக்கிறோம். ஊதுபத்தி ஏற்றுகிறோம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டுகிறோம். சாயத்தின் பகைவர்களான ஒளி, காற்று, புகை, ஈரம் நான்கையும் அன்பின் பெயராலேயே அழைத்து வந்து நிறுத்துகிறோம். விலை மலிவென்று ஏதோ ஒரு மையைத் தொட்டியில் ஊற்றியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். பிரிண்டரின் சமையல் குறிப்பு அதற்கென்று அமைந்த மைக்கே எழுதப்பட்டது. வேறு மையின் நிறமும் மாறும், ஆயுளும் தெரியாது.

விடை கடினமன்று. அச்சிட்ட படத்தை உடனே சட்டத்துக்குள் அடைக்காமல் ஒரு நாளாவது உலர விட வேண்டும். மையில் நீர் மட்டுமன்றி, மெதுவாக ஆவியாகும் கிளிசரின் போன்ற பொருள்களும் உள்ளன. அவசரப்பட்டால் அவை கண்ணாடியின் உட்புறத்தில் பனிபோல் படியும். உலர்ந்த பின் கண்ணாடி போட்டால் காற்றும் புகையும் விலகி நிற்கும். லேமினேஷனும் உதவும். வெயில் படாத சுவரைத் தேர்ந்தெடுக்கலாம். விளக்கைப் படத்துக்கு மேலே வைக்காமல் முன்னே, கீழே வைக்கலாம். மூலப் படக்கோப்பை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துவது இவை எல்லாவற்றினும் மேலானது.

மாணவர் செய்து பார்க்க

வெள்ளையிலிருந்து கறுப்பு வரை பத்துப் பத்து விழுக்காடாக ஏறும் பதினொரு கட்டங்களைக் கணினியில் வரைந்துகொள்ளுங்கள். ஒரே பளபளப்புத் தாளின் இரு துண்டுகளில், ஒன்றை ‘பிளெயின் பேப்பர்’ என்றும் மற்றொன்றை உரிய தாள் வகையிலும் அச்சிடுங்கள். கடைசி நான்கு கறுத்த கட்டங்களில் எத்தனையைத் தனித்தனியே பிரித்தறிய முடிகிறது என்று எண்ணுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் மை குளம் கட்டிய இடங்களையும் காணலாம்.

அடுத்து, ஒரு வண்ணப் படத்தின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் இரண்டு மாதம் ஒட்டி வையுங்கள். பிறகு அட்டையை நீக்கிப் பாருங்கள். எந்த நிறம் முதலில் தோற்றது? இரண்டு கடைகளின் பிரிண்டுகளை அருகருகே வைத்துச் செய்தால் எந்த மை எவ்வளவு நேர்மையானது என்பது தானே விளங்கும்.

முடிவாக

நம் மதிப்பீடு இதுதான். இன்றைய இங்க்ஜெட் பளபளப்புப் படம், கருவி என்ற அளவில் வியக்கத்தக்க சாதனை. இருட்டறையும் அமிலத் தொட்டியும் இல்லாமல், சிற்றூர்க் கடையின் மேசையில், 14 மைக்ரான் துளிகளால் ஒரு முகத்தை வரைந்துவிடுகிறது. ஆனால் நம் ஊர்களில் அது பயன்படும் விதத்தில் இரண்டு குறைகள் உள்ளன. தாளை அறியாமல் மை இடுவது ஒன்று. முகத்தை அறியாமல் நிறம் இடுவது மற்றொன்று. முன்னதைத் தாள் உறையைப் படிப்பதால் தீர்க்கலாம். பின்னதைத் தீர்க்கக் கடைக்காரரும் வாடிக்கையாளரும் சேர்ந்து மனம் மாற வேண்டும்.

அடுத்த முறை படம் எடுக்கப் போகும்போது, "உள்ளபடி போடுங்க, வெளுக்க வேண்டாம்" என்று கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். ஆட்டோ கரெக்டை நிறுத்தச் சொல்லுங்கள், தாள் வகையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு அதில் செலவு ஒன்றும் கூடுவதில்லை. ஒரு நிமிடம் கூடலாம். நம் பேரப்பிள்ளைகள் ஒருநாள் சுவரைப் பார்த்து, "இவங்க எப்படி இருந்தாங்க?" என்று கேட்பார்கள். அப்போது படம் பொய் சொல்லாமல் இருக்க அந்த ஒரு நிமிடம் போதும்.